ஹெர்ட் தீவு எரிமலையை வீட்டிலிருந்தபடி கவனிப்பது எப்படி

ஹெர்ட் தீவில் ஆள் கிடையாது, கேமரா கிடையாது, நில அதிர்வைப் பதியும் நிலையமும் கிடையாது. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான இந்தத் தீவு, பெர்த் நகரிலிருந்து ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் தென்மேற்கே கடலுக்கு நடுவில் கிடக்கிறது. கப்பலில் போய்ச் சேரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். தீவின் பெரும்பகுதி ஒரே மலைதான், பெயர் பிக் பென். (தேடும்போது வெறுமனே பிக் பென் என்று போட்டால் லண்டன் கடிகாரம்தான் வந்து நிற்கும், ஹெர்ட் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.) அதன் உச்சியான மாசன் சிகரத்தின் உயரம் 2,745 மீட்டர். ஆஸ்திரேலியக் கண்டத்தின் உயரமான கொசியஸ்கோ மலையைவிட 500 மீட்டருக்கு மேல் அதிகம். சுற்றிலும் பனியாறுகள் கடல்வரை இறங்குகின்றன, உச்சியில் எரிமலை வாய் திறந்திருக்கிறது. 2012 முதல் அங்கே வெப்பம் விட்டுவிட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது.

2016 ஜனவரி இறுதியில் இன்வெஸ்டிகேட்டர் என்ற ஆய்வுக் கப்பல் அந்தப் பக்கம் போனபோது, எரிமலைக்குழம்பு பனியாற்றின் மேல் இறங்குவதைக் கப்பலில் இருந்தவர்கள் நேரிலேயே பார்த்தார்கள். அப்படி வாய்ப்பது அபூர்வம். மற்றபடி அந்த மலையைப் பற்றி உலகத்துக்குத் தெரிவதெல்லாம் செயற்கைக்கோள் வழியாகத்தான். அந்தப் படங்கள் எல்லோருக்கும் இலவசம். ஏரிகளின் நீர்ப்பரப்பை அளக்க நான் அலுவலகத்தில் பயன்படுத்தும் அதே படங்கள்தான் இவை. மாலையில் அதே திரையில் பிக் பென்னைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு கணினி, சுமாரான இணையம், பொறுமை இருந்தால் உங்களாலும் முடியும். மூன்றில் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

முதலில் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள் படங்களெல்லாம் அதில் கிடைக்கும். தேடும் கட்டத்தில் ‑53.106, 73.513 என்று கொடுத்தால் நேரே சிகரத்துக்குப் போய்விடலாம். தீவின் உருவத்தை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்வது நல்லது: நடுவில் வட்டமான மலை, வடமேற்கில் மூக்குபோல லாரன்ஸ் தீபகற்பம், கிழக்கில் கடலுக்குள் நீண்டு போகும் மணல்திட்டு. மேகம் மலையை மூடிவிட்டாலும் இந்த மூக்கோ மணல்திட்டோ தெரிந்தால், சிகரம் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

அடுத்து சென்டினல்‑2 படங்களைத் தேர்ந்தெடுங்கள். எல்1சி, எல்2ஏ என்று இரண்டு வகை இருக்கும். எல்1சி போதும். எல்2ஏ என்பது காற்றுமண்டலத்தின் பாதிப்பைக் கழித்துத் திருத்திய படம். பயிருக்கும் ஏரிக்கும் அது சரி, நெருப்பைப் பார்க்கத் திருத்தாத படமே நல்லது.

இங்கேயே பலரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. மேக அளவு எத்தனை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கும் வடிகட்டி. சுத்தமான படம் வேண்டும் என்ற ஆசையில் 20 சதவீதம், 30 சதவீதம் என்று வைத்தால், மாதக்கணக்கில் ஒரு படமும் தேறாது. அதை 100 சதவீதத்துக்கே தள்ளிவிடுங்கள். காரணம் இருக்கிறது. அந்தச் சதவீதம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீள அகலமுள்ள சதுரம் முழுவதற்குமான கணக்கு, அதில் பெரும்பகுதி கடல். கடல்மேல் தாழ்வான மேகம் கம்பளம்போல் விரிந்து கிடக்க, சிகரம் மட்டும் அதற்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு பளிச்சென்று தெரியும் நாட்கள் உண்டு. நல்ல படங்களில் பல அப்படிப்பட்ட நாட்களில் கிடைத்தவைதான். 90 சதவீதம் மேகம் என்று எழுதியிருந்தாலும் திறந்து பாருங்கள்.

சரி, படம் திறந்துவிட்டது. கண்ணால் பார்ப்பதுபோன்ற இயல்பு நிறப் படத்தில் பனியும் வெள்ளை, மேகமும் வெள்ளை, நீராவியும் வெள்ளை. அதை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது. சமூக ஊடகங்களில் "வெடிக்கிறது" என்ற தலைப்போடு சுற்றும் இயல்பு நிறப் படங்களை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. பலமான காற்று மோதும் தனிமலை என்பதால், உச்சியின் ஒருபக்கத்தில் கொடிபோல மேகம் ஒட்டிக்கொண்டு நிற்பது அங்கே சகஜம். புகைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

ஆகவே நிறக்கலவையை நீங்களே அமையுங்கள். செயற்கைக்கோள் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துத் தனித்தனிப் படமாகப் பதிகிறது, அவற்றைத்தான் பட்டைகள் என்கிறோம். அவற்றை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி அந்தத் தளத்தில் உண்டு. சிவப்புக்கு பி12, பச்சைக்கு பி11, நீலத்துக்கு பி8ஏ. இப்போது மலை அடியோடு மாறிவிடும். பி12, பி11 பதிவது கண்ணுக்குத் தெரியாத குறுஅலை அகச்சிவப்பு ஒளி. பனி அதை விழுங்கிவிடுவதால் ஆழ்ந்த நீலமாகத் தெரியும். நீர்த்துளிகளால் ஆன மேகம் மூன்று பட்டைகளிலும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வெள்ளையாகவே நிற்கும். உயரத்தில் மிதக்கும் பனித்துகள் மேகம் மட்டும் கொஞ்சம் நீலம் பூசிக்கொண்டு ஏமாற்றும். வெப்பம் இருந்தால் அந்த நீலத்தின் நடுவில் சிவப்பாக, ஆரஞ்சாக, மஞ்சளாக எரியும்.

ஏன் இந்தப் பட்டைகள்? ஆயிரம் டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் குழம்பு, 2.3 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டித்தான் மிக அதிகமாக ஒளிர்கிறது. பி12 பட்டை 2.2 மைக்ரானை ஒட்டியது. பி11 பட்டையோ 1.6 மைக்ரான், அது தூண்டப்பட இன்னும் சூடு வேண்டும். எனவே வெறும் சிவப்பு என்றால் மிதமான சூடு, அல்லது பிக்சலுக்குள் ஒரு சிறு மூலையில் மட்டும் நெருப்பு. மஞ்சள் என்றால் புதுக் குழம்பு வெளியே தெரிகிறது. ஒரு பிக்சல் 20 மீட்டருக்கு 20 மீட்டர் என்பதை மறக்க வேண்டாம்.

உச்சியை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். வாய்க்குள் குழம்பு இருந்தால் இரண்டு மூன்று பிக்சல்கள் சேர்ந்த சிவப்புப் பொட்டு தெரியும், நடுவில் ஒன்று மஞ்சளாக இருக்கலாம். அதோடு நிறுத்திவிடாமல் சரிவில் கண்ணைக் கீழே கொண்டுபோங்கள். சில நாட்களில் பொட்டுக்குச் சில நூறு மீட்டர் தள்ளி, இடையில் ஒன்றுமே இல்லாமல், தனியாக இன்னொரு சிவப்புக் கோடு கிடக்கும். அதைப் புது வாய் என்று உடனே சொல்லிவிடக் கூடாது. ஓடும் குழம்பின் மேற்பரப்பு ஆறி ஓடு கட்டிவிட்டால், உள்ளே குழாய்க்குள் ஓடி, கீழே வேறோர் இடத்தில் வெளியே வரும். மேலிருந்து பார்க்கும் நமக்கு நடுப்பகுதி அணைந்ததுபோல் தோன்றும்.

பொய்யாகத் தெரியும் சிவப்பும் உண்டு. சென்டினல்‑2 எல்லாப் பட்டைகளையும் ஒரே நொடியில் எடுப்பதில்லை, சிறு இடைவெளி விட்டு எடுக்கிறது. அதற்குள் உயரமான மேகத்தின் விளிம்பு படத்தில் கொஞ்சம் தள்ளி விழுந்துவிடும், விளிம்பில் ஒருபக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாகக் கரை கட்டியிருக்கும். சிவப்பைப் பார்த்ததும் அதன் எதிர்ப்பக்கத்தில் வேறு நிறக் கரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மேகம். நெருப்புக்கு அப்படி ஜோடிக்கரை கிடையாது, படத்துக்குப் படம் இடமும் மாறாது.

இன்னொன்று நிழல். செயற்கைக்கோள் காலையில் கடக்கிறது. தென்கோளத்தில் அப்போது சூரியன் வடகிழக்கில் இருக்கும், நிழல் தென்மேற்கில் விழும். பிக் பென்னின் பழைய பெரும்பள்ளம் வாய் பிளந்திருப்பதும் தென்மேற்குப் பக்கம்தான். அதனால் குளிர்காலத்தில், குழம்பு இறங்கக்கூடிய அதே சரிவில் நீளநீளமாகக் கறுப்புக் கோடுகள் தெரியும். ஜூன் மாதத்தில் நண்பகலில்கூட அங்கே சூரியன் 13, 14 பாகைக்கு மேல் ஏறாது, நிழல் எவ்வளவு நீளும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கறுப்பு என்றாலே புதுக் குழம்பு என்று எண்ண வேண்டாம். முந்தைய ஆண்டின் அதே மாதப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தெளிவாகிவிடும்.

கண் பழகுவதற்கு அண்டார்டிகாவின் எரிபஸ் நல்ல இடம். அதுவும் பனி போர்த்திய எரிமலை, உச்சியில் குழம்பு ஏரியே இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதப் படங்களை அதே நிறக்கலவையில் திறந்தால், நீலத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு எப்படி இருக்கும் என்பது பிடிபட்டுவிடும். அப்புறம் ஹெர்ட் தீவுக்கு வாருங்கள்.

பகல் படம் கிடைக்காத வாரங்களுக்கு நாசாவின் ஃபர்ம்ஸ் தளம் இருக்கிறது. காட்டுத்தீக்காக உருவானது, எரிமலை வெப்பமும் அதில் விழும். விர்ஸ் என்ற கருவியின் 375 மீட்டர் பிக்சல்களைத் தேர்ந்தெடுங்கள். அது இரவிலும் பார்க்கும், தென்பகுதியின் நீண்ட குளிர்கால இரவுகளில் அதுதான் கைகொடுக்கும். ஆனால் வரைபடத்தில் காட்டும் புள்ளி பிக்சலின் நடு, நெருப்பின் சரியான இடம் இல்லை. ஒரே இரவில் நான்கு புள்ளிகள் பனியாற்றின் மேல் சிதறி விழுந்திருந்தால் நான்கு இடத்தில் குழம்பு ஓடுகிறது என்று அர்த்தம் இல்லை. லேண்ட்சாட் 8, 9 இரண்டையும் சேர்த்தால் எட்டு நாளுக்கு ஒருமுறை படம் கிடைக்கும். பிக்சல் 30 மீட்டர், வேலைக்கு ஆகும்.

பார்த்ததை எழுதிவைப்பதுதான் இதில் முக்கியமான வேலை என்பேன். என் தாளில் மூன்று குறிகள் மட்டும்: வெப்பம் தெரிந்தது, உச்சி தெளிவாகத் தெரிந்தும் வெப்பம் இல்லை, உச்சியே தெரியவில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் மொத்தப் பதிவும் பாழ். ஃபர்ம்ஸில் ஒரு மாதம் புள்ளியே விழவில்லை என்றால் மலை ஓய்ந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். அந்த மாதப் படங்களைத் திறந்து பார்த்தால் முழுக்க மேகமாக இருக்கும். ஐஸ்லாந்தின் கிரிம்ஸ்வோட்ன் எரிமலையில் இந்தக் குழப்பம் இவ்வளவு கிடையாது. அங்கே பனிப்பரப்பு இறங்குவதை ஜி.பி.எஸ். கருவி சொல்லும், பனிக்கடியில் இருந்து வெள்ளம் கிளம்பினால் ஆற்றுநீரின் மின்கடத்துத்திறன் ஏறும், அதிர்வுமானிகள் மேகத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. பிக் பென்னுக்கு இவை எதுவும் இல்லாததால், "தெரியவில்லை" என்று எழுத நாம்தான் கூச்சப்படக் கூடாது.

உங்கள் முடிவு சரியா என்று பார்க்க ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உலக எரிமலைத் திட்டம் வெளியிடும் அறிக்கைகளைப் படியுங்கள். அவர்களும் ஹெர்ட் தீவுக்கு இதே சென்டினல் படங்களைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். முதலில் நீங்கள் எழுதிவிட்டு, பிறகு அதைத் திறப்பது நல்லது. முன்னாலேயே படித்துவிட்டால் இல்லாத சிவப்பும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

நேரம் இருந்தால் படத்தை மேற்கே 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நகர்த்துங்கள், மக்டொனால்ட் தீவுகள் வரும். பல்லாயிரம் ஆண்டு உறக்கத்துக்குப் பிறகு 1990களில் எரிமலை வெடித்துப் பரப்பளவே ஏறக்குறைய இரட்டிப்பான தீவுகள் அவை. அங்கே பனியாறு இல்லை, நீலப் பின்னணி கிடைக்காது. கடற்கரைக் கோடு பழைய படத்திலிருந்து நகர்ந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு 10 மீட்டர் நுணுக்கமுள்ள பி8 பட்டை ஒன்றே போதும், தண்ணீர் அதில் கறுப்பாக விழும்.