தேரூர் நாரைக்கு இரண்டு அலகு ஏன்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் சுசீந்திரம்–தேரூர் நீர்நிலை 2022 முதல் ராம்சார் தலம், அதாவது உலக அளவில் முக்கியமானதாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம். அங்குள்ள மஞ்சள் மூக்கு நாரையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிழல்பாவையாகக் காட்டினால் முதலில் சொதப்புவது அலகுதான்: திரையில் இரட்டையாக, மங்கலாகத் தெரியும். வகுப்பறை டியூப்லைட்தான் காரணம்; நீளமான விளக்கில் நிழலின் ஓரம் கலங்கிவிடும். அதை அணைத்துவிட்டு, தெளிந்த கண்ணாடி பல்பு ஒன்றை மட்டும் திரைக்கு 3 அடி பின்னால், ஆட்டுபவர் தலைக்கு மேலே தொங்கவிடுங்கள். வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் ஓரம் கூர்மையாக விழும். சந்தனநிற அலகுக்கு அட்டையை வெட்டியெடுத்து மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டலாம். அட்டையில் பூசிய வண்ணம் நிழலில் கறுப்புதான்.

கீழலகைத் தனித்துண்டாக்கி நூலால் கோத்து, இருபுறமும் முடிச்சிடுங்கள். முடிச்சை இறுக்கினால் அலகு அசையாது. நெல்மணி அளவு தளர்வு வேண்டும். அசைக்கப் பழைய குடைக்கம்பி போதும்.

இந்த நாரை, அலகைப் பாதி திறந்து நீருக்குள் துழாவும். மீன் பட்டதும் டப்பென்று மூடும். ஆகவே காகித மீன்களைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். மீன் அலகில் பட்டால் மட்டுமே மூட வேண்டும். நாரைக்கு வசனமே வேண்டாம், பிள்ளைகள் போடும் கூச்சலே போதும்.

கடற்காற்றில் அட்டை வளையும். ஆட்டம் முடிந்ததும் கனத்த புத்தகத்தின் அடியில் வையுங்கள்.