நரம்பு என்று நாம் சொல்வதெல்லாம் நரம்பல்ல

ரத்தப் பரிசோதனைக்குப் போனால், "நரம்பே கிடைக்கலையே" என்று கையைத் தட்டித் தட்டித் தேடுவார்கள். அவர்கள் தேடுவது நரம்பை அல்ல, சிரையை. புறங்கையில் பச்சையாகத் தெரிவது இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய். மணிக்கட்டை மடக்கினால் கயிறு மாதிரி துருத்திக்கொண்டு நிற்பது தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் நார். இரண்டையும் நாம் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

உண்மையான நரம்பு வெளிறிய நிறத்தில், பெரும்பாலும் தசைகளுக்கு நடுவே ஒளிந்து ஓடும். தொட்டுப் பார்க்க ஆசையா? முழங்கையின் உட்பக்கம் துருத்தும் எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் விரலால் மெதுவாக அழுத்துங்கள். சுண்டுவிரல் வரை சுர்ரென்று ஓடும். கதவில் முழங்கை இடித்தால் ஷாக் அடிப்பதும் இதே நரம்பில்தான்.

யாழுக்கு நரம்பு உண்டு, இலைக்கு நரம்பு உண்டு, மொழியில் ஒரு சொல்லுக்கு நாலு பொருள் இருப்பதில் தப்பில்லை. வைத்தியத்துக்குப் போகும்போதுதான் சிக்கல். காலில் சிரைகள் புடைத்துச் சுருண்டிருப்பதை 'நரம்பு சுருட்டு' என்பார்கள். உடனே நரம்புக்குச் சத்து மாத்திரை வாங்கி விழுங்குவார்கள். அங்கே கெட்டிருப்பது சிரைக்குள் இருக்கும் வால்வு. ரத்தம் மேலே ஏறாமல் கீழேயே தேங்குகிறது. பார்க்க வேண்டியது ரத்தக்குழாய் மருத்துவரை.

'மூளை நரம்பு வெடித்துவிட்டது' என்பதும் அப்படித்தான். வெடிப்பது ரத்தக்குழாய். பக்கவாதத்தில் பெரும்பாலும் வெடிப்புகூட இருக்காது, அடைப்புதான் இருக்கும். திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கக் கை தூக்க வராமல், பேச்சு குழறும்போது 'நரம்புத் தளர்ச்சி, எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும்' என்று வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் போல மோசமான தவறு வேறில்லை. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன்னால் அடைப்பா கசிவா என்று ஸ்கேனில் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் கசிவில் இதே மருந்து ஆளையே கொன்றுவிடும். ஆகவே நேராக ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முடங்கியது வலது கை என்றால் கோளாறு பெரும்பாலும் மூளையின் இடது பாதியில். பெருமூளையிலிருந்து இறங்கும் பாதைகளில் பெரும்பகுதி முகுளத்தில், அதாவது மூளை தண்டுவடத்தோடு சேரும் அடிப்பகுதியில், பக்கம் மாறிவிடுகிறது. மாணவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிறுமூளைக்கும் அதே விதியை எழுதி மார்க்கைக் கோட்டைவிடுகிறார்கள். சிறுமூளை தன் பக்கத்தையே கவனிக்கிறது. அதன் இடது பாதி கெட்டால் இடது கைதான் தடுமாறும்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வலிப்பு என்பது மூளைச் செல்களின் மின்சாரம் கொஞ்ச நேரம் கட்டுப்பாடு இழப்பது. கையில் இருக்கும் இரும்பால் அதைத் தொடக்கூட முடியாது. பிறகு எப்படி நிற்கிறது? பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும், பேர் சாவிக்குப் போய்விடுகிறது. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் முதுகு. முதுகெலும்பும் தண்டுவடமும் ஒன்றல்ல. முதல் எலும்புகளின் அடுக்கு, இரண்டாவது அதற்குள் பத்திரமாக இறங்கும் சுண்டுவிரல் பருமனுள்ள நரம்புத் திசு, சுமார் 45 செ.மீ. நீளம். பெரியவர்களுக்கு இது இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல் அல்லது இரண்டாவது எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். சிசேரியனுக்கு முதுகில் போடும் மயக்க ஊசி தண்டுவடத்தையே குத்திவிடும் என்று பயப்படுகிறார்கள் அல்லவா? ஊசி இறங்குவது அந்த முடிவுக்கும் கீழே. அங்கே திரவத்தில் நரம்பு இழைகள் குதிரைவால் போலத் தொங்குகின்றன, அந்தக் கற்றைக்குப் பேரே குதிரைவால்தான். ஊசி வந்தால் அவை பொதுவாக விலகிக்கொடுக்கும். சிலருக்கு அதன்பின் சில நாள் தலைவலி வருவது உண்மை.

தேர்வு எழுதுபவர்களுக்கு இன்னொன்று. கழுத்து எலும்புகள் 7, கழுத்து நரம்புகள் 8 ஜோடி. முதல் ஜோடி முதல் எலும்புக்கு மேலேயே கிளம்பிவிடுவதால் வந்த கணக்கு இது. தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்புகள் மொத்தம் 31 ஜோடி. மூளையிலிருந்து நேராக வரும் 12 ஜோடியை இதோடு கூட்டக் கூடாது, அது தனிக் கணக்கு.

மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்ற கதையையும் விட்டுவிடலாம். சுமார் 1,300 முதல் 1,400 கிராம் வரை எடையுள்ள மூளை, உடல் எடையில் 2 சதவீதம். சும்மா இருக்கும்போதே உடம்பின் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தின்கிறது. பத்தில் ஒன்பது பங்கைத் தூங்கவிட்டுவிட்டு இவ்வளவு தீனி போட உடம்புக்கு என்ன தலையெழுத்து?