லுத்தரன், மார்மன் ஒப்பீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒப்பீட்டுச் சமயம் கற்பிக்கிறவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரே விடைத்தாள்தான் வெவ்வேறு கையெழுத்தில் வந்து சேரும். மார்ட்டின் லுத்தர் வழிவந்த லுத்தரன் சபையையும், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய மார்மன் சபையையும் ஒப்பிடும் கட்டுரைகளில் இது இன்னும் மோசம். அவற்றிலுள்ள தவறுகளில் பல, மாணவனாக இருந்தபோது நானும் எழுதியவைதாம். தொலைவிலிருந்தே அடையாளம் தெரிகிறது. ஆண்டுகளை மாற்றி எழுதுவது, மார்ட்டின் லுத்தரை மார்ட்டின் லூதர் கிங்கோடு குழப்புவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே திருந்திவிடும்.

"இவர்களுக்கு விசுவாசம், அவர்களுக்குக் கிரியை (நற்செயல்)" என்று கோடு கிழிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். தாளின் நடுவே ஒரு கோடு: இடம் லுத்தரன், வலம் மார்மன். இடப்பக்கம் "விசுவாசத்தால் மட்டுமே இரட்சிப்பு", வலப்பக்கம் "கிரியைகளால் இரட்சிப்பு". பிறகு மூன்று பக்கம் அதற்கு விளக்கவுரை.

என்னிடம் படித்த ஒருவர் இந்த அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு பெங்களூரில் இரண்டு மார்மன் ஊழியர்களைப் பார்க்கப் போனார். "கிரியைகளால்தானே இரட்சிப்பு என்கிறீர்கள்?" என்று கேட்டாராம். மீசைகூடச் சரியாக அரும்பாத அந்த இளைஞர்களில் ஒருவர், கிறிஸ்துவின் பாவநிவாரணம் இல்லாமல் எவரும் இரட்சிக்கப்பட முடியாது என்று தங்கள் வேதநூலான மார்மன் நூலிலிருந்தே வசனம் வசனமாக வாசித்துக் காட்டிவிட்டார். நம்மவர் திரும்பி வந்து, "ஐயா, இரண்டு சபையும் ஒன்றுதான் போலிருக்கிறதே!" என்றார். கிழித்த கோடு அழிந்ததும் வேறுபாடே இல்லை என்று முடிவுகட்டிவிட்டார். இந்தத் தவறுக்குக் கொடுக்கும் விலை அதுதான்.

மார்மன் போதனையில் உயிர்த்தெழுதல் எல்லா மனிதருக்கும் இலவசம். 1832இல் ஜோசப் ஸ்மித் அறிவித்த வெளிப்பாட்டின்படி மறுமையில் மகிமையின் நிலைகள் மூன்று. பொய்யருக்கும் விபசாரக்காரருக்கும்கூடத் தண்டனைக் காலம் முடிந்தபின் கடைசி நிலையில் இடம் உண்டு. என்றென்றைக்கும் வெளியே தள்ளப்படுகிறவர்கள் மிகச் சிலரே. லுத்தரன்களின் அடிப்படை ஆவணமான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில் இவ்வளவு தாராளம் கிடையாது. தண்டனைக்கு முடிவு உண்டு என்பவர்களை அதன் 17ஆம் பிரிவு கண்டிக்கவே செய்கிறது. மார்மன்கள் கீழ்ப்படிதலையும் சடங்குகளையும் வலியுறுத்துவது அந்த மூன்றில் மிக உயர்ந்த நிலைக்காக. அதன் உச்சியில் தேவனைப் போலவே ஆகும் மேன்மைக்கு ஆலயச் சடங்குகளும், இறந்தபின்னும் நீடிக்கும் நித்தியத் திருமணமும் வேண்டும். "நரகத்துக்குத் தப்புவது எப்படி?" என்ற கேள்விக்கான பதில் அல்ல இது.

லுத்தரன்களும் கிரியையைத் தூக்கி எறிந்தவர்கள் அல்லர். 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் வாசிக்கப்பட்ட அந்த அறிக்கையின் 4ஆம் பிரிவு, மனிதன் கிறிஸ்துவின் நிமித்தம் கிருபையால், விசுவாசத்தின் மூலம் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது. 6ஆம் பிரிவோ அந்த விசுவாசம் நற்கனிகளைத் தந்தே ஆக வேண்டும் என்கிறது. 4ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள் 6 வரை வாசிப்பதே இல்லை.

அப்படியானால் வேறுபாடு எங்கே? கடவுள் யார், மனிதன் யார் என்பதில். லுத்தரன்கள் நைசியா விசுவாசப் பிரமாணத்தை ஏற்பவர்கள்: மூன்று ஆள்தத்துவங்கள், ஒரே சாராம்சம். கடவுள் ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தார். படைத்தவருக்கும் படைப்புக்கும் நடுவே உள்ள எல்லையை மனிதன் ஒருபோதும் தாண்டுவதில்லை. மார்மன்களுக்குப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனியானவர்கள், நோக்கத்தில் ஒன்றானவர்கள். பிதாவுக்குத் தசையும் எலும்பும் உள்ள உடல் உண்டு. மனிதனின் அறிவோ படைக்கப்படவே இல்லை, என்றும் இருப்பது. அவன் பூமிக்கு வருமுன்பே பரலோகப் பெற்றோரின் ஆவிப்பிள்ளையாக வாழ்ந்தவன்.

மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது. ஆதாமின் வீழ்ச்சி லுத்தரனுக்குப் பேரழிவு; பிறக்கும் குழந்தையும் ஜென்ம பாவத்தோடே பிறக்கிறது, ஆகையால் கைக்குழந்தைக்கும் ஞானஸ்நானம். மார்மன் நூலிலோ, மனிதர் தோன்றும்படியாகவே ஆதாம் விழுந்தான், மகிழ்ச்சி அடையவே மனிதர் இருக்கிறார்கள். ஆதாமின் மீறுதலுக்காக எவரும் தண்டிக்கப்படுவதில்லை. அதனால் 8 வயதுக்குமுன் ஞானஸ்நானம் கிடையாது. குழந்தைகளுக்குக் கொடுப்பதை அந்த நூல் தேவனுக்கு முன்பான பரிகாசம் என்றே சாடுகிறது. தன் பலத்தால் விசுவாசிக்கவும் முடியாதவன் என்று லுத்தரின் சிறிய ஞானோபதேசம் சொல்லும் மனிதனும், தந்தையின் நிலைக்கு வளரப் பிறந்த பிள்ளையும் ஒரே கிரியையைச் செய்தாலும் அதன் பொருள் ஒன்றாகுமா? அட்டவணை போட்டே தீருவேன் என்றால் முதல் வரிசையில் கடவுளை எழுதுங்கள். கிரியை நான்காவது, ஐந்தாவது வரிசையில் வரட்டும்.

பழைய பிரசங்கத்தைக் கோட்பாடாக்குவது

ஆதாமே தேவன் என்று பொருள்படும்படி மார்மன் சபையின் இரண்டாம் தலைவர் பிரிகாம் யங் 19ஆம் நூற்றாண்டில் பேசியதை எடுத்துப்போட்டு, "மார்மன்கள் இதை நம்புகிறார்கள்" என்று எழுதுகிறார்கள். அந்தக் கருத்தைச் சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பால் 1976இல் வெளிப்படையாகவே மறுத்துவிட்டார். இதே அளவுகோலை லுத்தர்மேல் வைத்துப் பாருங்கள். யூதர்களுக்கு எதிராக அவர் 1543இல் கக்கியதெல்லாம் லுத்தரன் கோட்பாடாகிவிடும். அவரது எழுத்துகளில் சபையைக் கட்டுப்படுத்துபவை லுத்தரன் கோட்பாட்டு ஆவணங்களின் தொகுப்பான 1580இன் ஒப்புரவு நூலில் சேர்க்கப்பட்டவை மட்டுமே. மார்மன்களின் வேதநூல்கள் நான்கு: வேதாகமம், மார்மன் நூல், கோட்பாடுகளும் உடன்படிக்கைகளும், விலையுயர்ந்த முத்து. அங்கிருந்து மேற்கோள் காட்டுங்கள்.

பலதார மணம்

கைவிடுவதாக மார்மன் சபை 1890இல் அறிவித்தது. இன்று செய்தால் சபையிலிருந்து நீக்குகிறார்கள்.

இரண்டும் சந்தித்ததே இல்லை என்று எண்ணுவது

சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய அதே டென்மார்க் 1849 அரசமைப்பில் சமயச் சுதந்திரம் தந்தது. மறுஆண்டே மார்மன் ஊழியர்கள் கோபன்ஹேகனில் இறங்கினார்கள். மார்மன் நூல் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக வெளிவந்ததே டேனிஷ் மொழியில்தான், 1851இல். ஆயிரக்கணக்கான லுத்தரன்கள் மதம் மாறி, அமெரிக்காவில் மார்மன்கள் குடியேறியிருந்த யூட்டாவுக்குக் கப்பலேறினார்கள். தத்துவவாதி கீர்க்ககாரின் அண்ணன், லுத்தரன் போதகர், மார்மன்களோடு நேரில் வாதிட்டவர். இந்த வரலாற்றை ஒரு பத்தியாவது தொடுகிற கட்டுரை என் மேசைக்கு அரிதாகவே வருகிறது.

"மார்மன்கள் கிறிஸ்தவர்களா?" என்று தொடங்குவது

வேண்டாம்.

ஒரு சபையின் ஞானஸ்நானம் மற்றதில் செல்லும் என்று கருதுவது

இந்தப் பக்கமும் செல்லாது, அந்தப் பக்கமும் செல்லாது. மாறுகிறவர் மீண்டும் பெற வேண்டும்.

திருவிருந்தில் தண்ணீர்

மார்மன்கள் ரொட்டியும் தண்ணீரும் எடுப்பதற்கு மது விலக்கு ஒன்றே காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். மது, புகையிலை, சூடான பானங்கள் (காப்பி, தேநீர் என்று பொருள்கொள்கிறார்கள்) ஆகியவற்றை விலக்கச் சொன்ன வெளிப்பாடு 1833இல் வந்தது. எதிரிகளிடம் திராட்சரசம் வாங்க வேண்டாம், நினைவுகூர்ந்து செய்தால் எதைப் பருகினாலும் சரி என்ற வெளிப்பாடு அதற்கு இரண்டரை ஆண்டு முன்பே, 1830 ஆகஸ்டில் வந்துவிட்டது. அப்பத்திலும் திராட்சரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் உண்மையாகவே இருக்கின்றன என்னும் லுத்தரன் போதகர் "எதைப் பருகினாலும் சரி" என்று சொல்லவே முடியாது.