பள்ளி வயலின் குழு மேடையேறும் முன்: ஒத்திகையில் நேரும் தவறுகள்

ஒவ்வொரு ஒத்திகையையும் முதல் வரியிலிருந்தே தொடங்குவதுதான் நான் பார்த்தவற்றில் பெரிய தவறு. வகுப்பு மணி அடிக்கும்போது எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ, அதற்குப் பிறகு வரும் பக்கங்கள் பிள்ளைகளுக்கு அரைகுறையாகவே தெரியும். ஒரு வருடம் என் மாணவர்கள் தொடக்கத்தை அருமையாக வாசித்தார்கள். கடைசி வரிகளில் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அன்றிலிருந்து முடிவுப் பகுதியை முதலில் எடுத்து, பின்னாலிருந்து முன்னால் வருகிறேன். மேடையில் வாசிக்க வாசிக்க நன்கு பழகிய இடம் நெருங்கி வருவதால் பிள்ளைகளுக்குத் தெம்பு கூடுகிறது.

அடுத்தது சுருதி. ஆர்கெஸ்ட்ராவில் வயலினின் நான்கு தந்திகளை ஜி, டி, ஏ, இ என்ற சுரங்களுக்குச் சேர்க்கிறோம். ஏ தந்திக்கு வழக்கமான அளவு 440 ஹெர்ட்ஸ். நம் ஊரில் பல பிள்ளைகள் மாலையில் கர்நாடக இசையும் கற்கிறார்கள். அதே வயலினை அங்கே ச-ப-ச-ப என்று மாற்றிச் சேர்த்துவிட்டு, காலையில் மறுபடி ஏற்றிக்கொண்டு வருவார்கள். இப்படி ஏற்றி இறக்கும் தந்தி நிலைத்து நிற்காது. நிகழ்ச்சி முடியும்வரை ஒரு வாத்தியத்தை இரவல் வாங்கியாவது தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதுத் தந்தி மாட்டுவதானால் ஒரு வாரத்துக்கு முன்பே மாட்டிவிட வேண்டும். அது இழுபட்டு அடங்கச் சில நாட்கள் ஆகும். வியர்க்கும் வகுப்பறையிலிருந்து குளிரூட்டிய அரங்குக்குப் போனதும் தந்தியை இறுக்கும் முறுக்காணி வழுக்கலாம், சுருதி இறங்கலாம். வாத்தியங்களை ஒரு மணி நேரம் முன்பே அரங்குக்குள் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்து வையுங்கள்.

எளிமையான பகுதிதானே என்று, வயலின்களுக்குத் துணையாகக் கீழ்ச்சுரங்களைத் தரும் பெரிய தந்தி வாத்தியமான செல்லோவை வாசிப்பவர்களைக் கவனிக்காமல் விடுவதும் நடக்கிறது. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹெல்பெலின் 'கேனன்' என்ற படைப்பில் செல்லோவுக்கு எட்டே சுரங்கள்தான். ஆனால் அவற்றை 28 முறை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். பதினைந்தாவது சுற்றில் கவனம் சிதறி வேகம் கூடினால், மேலே வாசிக்கும் மூன்று வயலின் அணிகளும் சேர்ந்து ஓடும். செல்லோ பிள்ளைகளுக்கென்று தனி ஒத்திகை வையுங்கள்.

கடைசி வரிசையைப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு சிறுமியின் வில் மற்றவர்களோடு சரியாக மேலும் கீழும் போகும். ஆனால் தந்திக்கு மேலே ஒரு நூலளவு விலகி, தொடாமலே போகும். தப்பு வந்துவிடுமோ என்ற பயம் அது. அவளைத் திட்டுவதும் தவறு, ஒலிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுவதும் தவறு. தடுமாறுகிறவர்களை எல்லாம் பின்வரிசையில் ஒன்றாக உட்கார வைத்தது நாம்தான். நன்றாக வாசிக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் அவளை மாற்றுங்கள். கடினமான வரிகளில் ஒவ்வொரு தாளக்கட்டின் முதல் சுரத்தை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு சுரத்துக்கு வில் தந்தியில் அழுந்தட்டும். அடுத்த வாரம் இரண்டாவது சுரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.