ராத்திரி பயம் வந்தால் எப்படி ஜெபிக்க

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, தாமிரபரணிக் கரை ஊர்களில் பலருக்கு ராத்திரி மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். நெஞ்சுவலியோ இடது கை வலியோ சேர்ந்து வந்தால் முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். ஜெபத்தை ஆம்புலன்ஸிலும் செய்யலாம்.

மற்றபடி, எழுந்து உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் படட்டும். போனை எடுக்க வேண்டாம், வாட்ஸ்அப் வெள்ளச் செய்தி பயத்தைக் கூட்டும். பைபிளில் சங்கீதம் 56:3 போதும். மூச்சை இழுக்கும்போது மனசுக்குள் "நான் பயப்படுகிற நாளில்", விடும்போது "உம்மை நம்புவேன்." விடுகிற மூச்சு நீளமாக இருக்கட்டும், அதுதான் படபடப்பைத் தணிக்கும். பத்துத் தடவை, அவசரமில்லாமல். நடுவில் எண்ணிக்கை தவறினால் பரவாயில்லை.

பிறகு பயத்தைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் வையுங்கள்: "ஆறு பெருகுமோன்னு பயமா இருக்கு, பிள்ளைகளை நினைச்சாப் பயமா இருக்கு." பலர் தவறுவது இங்கேதான். பயப்படுவது அவிசுவாசம் என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள், பயம் இரட்டிப்பாகிறது. அந்த வசனமே "பயப்படுகிற நாளில்" என்றுதான் தொடங்குகிறது! 13-ம் சங்கீதத்தையும் பாருங்கள், ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்ற முறையீட்டில் தொடங்கிப் பாட்டில் முடிகிறது. வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து குறி பார்ப்பது மட்டும் வேண்டாம். கடுமையான வசனம் கண்ணில் பட்டால் அன்றைய தூக்கம் போச்சு.

இரண்டு வாரமாகியும் தூக்கமில்லை என்றால் சபை ஐயரிடம் (போதகரிடம்) சொல்லுங்கள், டாக்டரையும் பாருங்கள். ஜெபிக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.