விலை கேட்டால் தாத்தா படத்தைக் காட்டும் இணையதளங்கள்

காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்குப் பெரிய குறை. நாற்பதாயிரம் செலவழித்துக் கடைக்கு இணையதளம் போட்டிருக்கிறார், ஆர்டர் ஒன்றும் வருவதில்லை. நான் போன அன்று அவர் மனைவியின் தம்பியும் வீட்டில் இருந்தார். போனை அவர் கையில் கொடுத்து, "அஞ்சு லிட்டர் நல்லெண்ணெயைக் கோயம்புத்தூருக்கு வரவழைக்க மொத்தம் எவ்வளவு ஆகும், பார்த்துச் சொல்லுங்க" என்றேன். நண்பர் வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். தம்பி மேலே தள்ளினார், கீழே தள்ளினார், தாத்தா படத்தைப் பார்த்தார், 'எங்கள் நோக்கம்' என்ற பக்கத்துக்குள் போய்த் திரும்பி வந்தார். இரண்டு நிமிடம் கழித்து, "மாமா, நீங்களே சொல்லிருங்க, எவ்வளவுங்க?" என்றார்.

உங்கள் தளத்தையும் முதலில் இப்படிச் சோதித்துப் பாருங்கள். அதை முன்பின் பார்க்காத ஒருவர் வேண்டும், சாதாரண போன் வேண்டும், ஒரே ஒரு கேள்வி போதும். கஷ்டமான வேலை, பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருப்பதுதான்.

சின்னக் கடைகளின் தளங்கள் பெரும்பாலும் முதலாளியின் கண்ணுக்காகவே கட்டப்படுகின்றன. முதல் திரையில் 'வரவேற்கிறோம்', அதன் கீழே தானாக ஓடும் ஐந்து படங்கள், பிறகு மூன்று தலைமுறைப் பாரம்பரியம். பசியோடு வந்தவரை வாசலில் நிறுத்திப் பன்னீர் தெளிக்கிற கதை. தாத்தா இருக்கட்டும், அவருக்கு உள்ளே தனிப் பக்கம் கொடுங்கள். முதல் திரையில் என்ன விற்கிறீர்கள், எந்த ஊர், எப்படி வாங்குவது என்ற மூன்றும் தெரிந்தால் போதும். அப்புறம், கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் கை குலுக்கும் படம் எண்ணெய்க் கடைக்கு எதற்கு? உங்கள் செக்கு, உங்கள் களம், காயும் தேங்காய்ப் பருப்பு என்று போனில் எடுத்த படமே போதும்.

விலையும் அளவும்

"விலையைப் போட்டால் போட்டிக் கடைக்காரன் பார்த்துவிடுவான்" என்கிறார்கள். அவன் வேண்டுமானால் ஆளை அனுப்பி ஒரு பாட்டில் வாங்கியே தெரிந்துகொள்வான். விலை தெரியாமல் போவது வாடிக்கையாளர் மட்டும்தான். எள் விலை ஏறி இறங்குகிறது என்றால், 'இந்தத் தேதி நிலவரம்' என்று எழுதி வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

நண்பரின் தளத்தில் ஒரே ஓர் எண்ணெய்க்கு மட்டும் விலை இருந்தது. 'ஒரு பாட்டில்' என்று போட்டிருந்தார். லிட்டரா, கிலோவா? எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் வரும். 15 கிலோ டின் என்றால் ஏறக்குறைய பதினாறரை லிட்டர். கடையில் நேரே வாங்குபவர் கேட்டுத் தெளிந்துகொள்வார். தளத்தில் பார்ப்பவர், வேறு கடையின் லிட்டர் விலையை உங்கள் கிலோ விலையோடு ஒப்பிட்டு, நீங்கள் அநியாய விலை சொல்வதாக நினைத்துக் கிளம்பிவிடுவார். இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு வரிதான் ஆகும்.

அனுப்பும் செலவைக் கடைசிப் படி வரை மறைத்து வைப்பது இதைவிட மோசம். 480 ரூபாய் என்று நினைத்துக்கொண்டு முகவரி, பின்கோடு எல்லாம் அடித்து முடித்தவரிடம் 610 ரூபாய் என்றால், அவர் திரும்பி வருவது சந்தேகம். இது நாகரிகம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. தன் சரக்கைத் தானே தளத்தில் விற்பவர், அனுப்பும் கட்டணம் உட்பட மொத்த விலையையும் அதன் விவரத்தையும் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. கடையின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறை கேட்கும் அலுவலரின் தொடர்பு விவரம் ஆகியவையும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணையும் கண்ணில் படும்படி போடுங்கள்.

போனில் வரும் கேள்விகள்

தளத்தில் என்ன எழுதுவது என்று தெரியாதவர்கள் கடைப் போனை எடுப்பவரிடம் கேட்டால் போதும். நண்பரின் கடையில் மார்கழி, தை மாதங்களில் தினமும் ஒரே புகார்: "அண்ணா, தேங்காயெண்ணெய் கட்டியா இருக்கு, ஏதாச்சும் கலந்துட்டீங்களா?" பெங்களூரிலிருந்தும் ஊட்டியிலிருந்தும்தான் அதிகம். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறையத்தான் செய்யும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வைத்தால் இளகிவிடும். இந்த இரண்டு வரி அப்போது தளத்தில் எங்கேயும் இல்லை. அதற்குப் பதிலாக 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று நான்கு இடத்தில் இருந்தது. இப்போது அந்த விளக்கம் தேங்காயெண்ணெய்ப் பக்கத்திலேயே, விலைக்குக் கீழே இருக்கிறது. போன் இன்னும் வருகிறது, ஆனால் அவர் நீட்டிப் பேசாமல் அந்தப் பக்கத்தின் இணைப்பை அனுப்பிவிடுகிறார்.

பெயர் விஷயமும் அப்படித்தான். 'கோல்ட் பிரஸ்டு ஜிஞ்சிலி ஆயில்' என்று மட்டும் எழுதி வைத்தால், 'செக்கு நல்லெண்ணெய்' என்று தேடுபவர் எப்படி வந்து சேர்வார்? இரண்டையும் எழுதுங்கள்.

எடையும் எழுத்தும்

போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி இருக்கும். அப்படியே ஏற்றினால், எட்டுப் படத்துக்கே முப்பது எம்பி தாண்டிவிடும். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிந்தால்தான் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் ஒரு படம் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கிவிடும். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் எது இழுக்கிறது என்று காட்டிக்கொடுக்கும்.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு தனி வியாதி உண்டு. நோட்டீஸ் அடித்துக் கொடுத்த டிடிபி கடையிலிருந்து, யுனிகோடு (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) இல்லாத பழைய எழுத்துருவில் அடித்த வாசகம் வரும். தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். உடனே வடிவமைப்பவர் சுருக்குவழியாக நோட்டீஸையே படமாக்கிப் போட்டுவிடுவார். போனில் அதை விரலால் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும், முகவரியை நகலெடுக்க முடியாது, தேடுபொறியும் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. யுனிகோடாக மாற்றி, ஒற்றும் புள்ளியும் சரியாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தொலைபேசி எண்ணும் படத்துக்குள் கிடந்தால் தட்டி அழைக்க முடியாது. நண்பரின் தளத்தில் பச்சை வாட்ஸ்அப் பொத்தான் இருந்தது, ஆனால் வேலை செய்யவில்லை. யாரோ எண்ணுக்கு முன்னால் சுழியம் போட்டிருந்தார்கள். பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் இணைப்பில் இந்தியாவின் குறியீடான 91, அதை ஒட்டிப் பத்து இலக்கம், அவ்வளவுதான். பிளஸ் குறியும் இடைவெளியும் கூடாது. மாதக்கணக்காக அது செத்துக் கிடந்தது அவருக்குத் தெரியாது, தன் தளத்தில் போய் அவர் ஏன் அந்தப் பொத்தானை அழுத்தப்போகிறார்?

கூகுள் மேப்பில் கடை மூடும் நேரம் எட்டு, தளத்தில் ஒன்பது என்று இருப்பதையும் பார்த்துவிடுங்கள். போன தீபாவளிச் சலுகை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், கடை நடக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

கடைசியாக, தளத்துக்கு வருபவர் கண்ணில் படாத ஒன்று. தளத்தின் பெயர் யார் கணக்கில் பதிவாகியிருக்கிறது? தளம் கட்டிக் கொடுத்த இளைஞர் தன் மின்னஞ்சலிலேயே பதிவு செய்திருப்பார். ஒருநாள் அவர் வேலை மாறிப் போவார், புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல் அவருடைய பழைய பெட்டியில் விழும், கெடு முடியும், தளம் காணாமல் போகும். நண்பருக்கு இன்னும் ஐந்து மாதம் கெடு இருந்தது. அன்று சாயங்காலமே தளம் கட்டிய இளைஞரைக் கூப்பிட்டு, இரண்டு டீ வாங்கிக் கொடுத்து, கணக்கைத் தன் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொண்டார்.