பற்று நோட்டிலிருந்து பேரேடு வரை: மேல்நிலையில் வணிகவியல் படிக்கும் முறை

பத்தாம் வகுப்பு முடிவு வந்தவுடன், மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்கு உரியது என்று ஒதுக்கிப் பேசப்படும் பிரிவாகவே வணிகவியல் பிரிவு நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. திருப்பூரில் பனியன் தைத்து, ஈரோட்டில் மஞ்சள் விற்று, நாமக்கல்லில் லாரி ஓட்டிப் பிழைக்கும் ஒரு வட்டாரத்தில் இப்படியொரு எண்ணம் நிலைத்திருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகிய மூன்றும் இப்பிரிவில் நிலையானவை. நான்காவது பாடம் பள்ளிக்குப் பள்ளி மாறும். பட்டயக் கணக்காளர் படிப்பை மனத்தில் வைத்திருப்பவர்கள், அதன் அடிப்படைத் தேர்வில் கணிதமும் புள்ளியியலும் தனித்தாளாக வருவதால், வணிகக் கணிதம் இருக்கும் பள்ளியைத் தேடிச் சேர்வது நல்லது. மற்றவர்களுக்குக் கணினிப் பயன்பாடுகள் போதும்.

பதினோராம் வகுப்பில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் முதல் மாதத்திலேயே வந்துவிடுகிறது. அது பற்று, வரவு என்ற இரண்டு சொற்கள். வீட்டில் நாம் எழுதும் டைரியில் ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு என்றிருக்கும். பணம் வந்தால் வரவு. ஆனால் கணக்குப்பதிவியலில் கடைக்குப் பணம் வந்தால் ரொக்கக் கணக்கைப் பற்று செய்ய வேண்டும் என்று ஆசிரியர் சொல்கிறார். நான் படித்த காலத்தில், முதல் இடைப்பருவத் தேர்வில், குறிப்பேட்டில் (நடவடிக்கைகளை நாள்வாரியாக முதலில் பதியும் ஏடு) வந்த எல்லாப் பதிவுகளையும் தலைகீழாக எழுதிவிட்டு, கூட்டுத்தொகை இரு பக்கமும் சரியாக வந்ததால் முழு மதிப்பெண் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். தலைகீழாக எழுதினாலும் கூட்டுத்தொகை சமமாகத்தான் வரும் என்பது விடைத்தாள் கைக்கு வந்த பிறகே புரிந்தது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஆங்கிலச் சொற்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. தெருமுனை மளிகைக் கடையின் பற்று நோட்டே போதும். நாம் கடனுக்குச் சாமான் வாங்கினால் கடைக்காரர் நம் பேரில் பற்று எழுதுகிறார். மாதக் கடைசியில் பணம் கட்டினால் வரவு வைக்கிறார். பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு என்ற விதி இதுவேதான். இதை அப்படியே மற்ற கணக்குகளுக்கு நீட்டிப் பாருங்கள். கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாக எண்ணிக்கொண்டால், பணத்தைப் பெற்றுக்கொண்ட கல்லாவின் பேரில் பற்று எழுதுவதில் வியப்பொன்றும் இல்லை. வங்கி அறிக்கையில் நாம் போட்ட பணம் வரவு என்று காட்டப்படுவதும் இதனால்தான்: அது வங்கியின் ஏடு, அந்த ஏட்டில் நாம் தந்தவர்கள். நம் ரொக்க ஏட்டில் பற்றிருப்பாக உள்ள அதே தொகை வங்கியின் ஏட்டில் வரவிருப்பாக நிற்கும். இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு, இவ்விரு ஏடுகளின் இருப்புகளையும் ஒப்பிட்டு வித்தியாசத்துக்குக் காரணம் காட்டும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் எளிதாகிவிடும். புரியாதவர்கள் கூட்டுவதா கழிப்பதா என்று ஆண்டு முழுவதும் மனப்பாடம் செய்வார்கள்.

அதே மளிகைக் கடையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கடைக்காரர் வீட்டுக்கு இரண்டு கிலோ துவரம்பருப்பை எடுத்துப் போனால், கடை அவருடையதே ஆயினும், எடுப்புகள் கணக்கில் பற்றும் கொள்முதல் கணக்கில் வரவும் எழுத வேண்டும், ஏனெனில் கடை வேறு, கடைக்காரர் வேறு. வணிகத் தனித்தன்மைக் கருத்து என்று பாடநூல் சொல்வது இதைத்தான். வீட்டில் கடையோ தறியோ இருந்தால், ஒரு வாரத்து நடவடிக்கைகளை நீங்களே குறிப்பேட்டில் எழுதி, கணக்குவாரியாகப் பிரித்தெழுதும் பேரேட்டுக்கு எடுத்துச் சென்று, எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளையும் கூட்டிச் சரிபார்க்கும் இருப்பாய்வு வரை கொண்டுபோய்ப் பாருங்கள். பயிற்சி வினாக்களில் கிடைக்காத சிக்கல்கள் அதில் கிடைக்கும்.

வணிகவியல் பாடம் வேறு வகையானது. அதைக் கதை போலப் படித்துவிட்டு எழுதலாம் என்று இறங்குபவர்கள் தலைப்புகளை மறந்துபோய்ப் பத்தி பத்தியாக எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். வணிகம் எந்தெந்தத் தடைகளை நீக்குகிறது என்பதை ஒரே ஒரு மஞ்சள் மூட்டையின் பின்னால் போய்ப் படித்துவிடலாம். தை தொடங்கி வெட்டியெடுத்து, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றிய மஞ்சள் விரலியாகவும் கிழங்காகவும் பிரிந்து ஈரோட்டுச் சந்தைக்கும் பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கும் வருகிறது. அங்கே வாங்குபவரும் விற்பவரும் சந்திப்பதால் ஆள்தடை நீங்குகிறது. லாரி இடத்தடையை நீக்குகிறது. விலை ஏறட்டும் என்று குடோனில் அடுக்கி வைப்பது காலத்தடையை நீக்குகிறது. இருப்பு வைத்த மூட்டையின் ரசீதைக் காட்டிப் பெறும் கடன் நிதித்தடையையும், தீக்காப்பீடு இடர்த்தடையையும் நீக்குகின்றன. 2019-இல் ஈரோடு மஞ்சளுக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டை அறிவுத்தடை நீங்குவதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஆறு தலைப்புகளும் இனி மறக்காது.

பன்னிரண்டாம் வகுப்பில் கூட்டாண்மைக் கணக்குகளுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். அடிப்படை, நற்பெயர், கூட்டாளி சேர்ப்பு, கூட்டாளி விலகல் எனப் பல பாடங்கள் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. மாமனும் மச்சானும் சேர்ந்து திருப்பூரில் தையல் யூனிட் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் போட்ட முதல் (மூலதனம்) 3 லட்சம், மற்றவர் போட்டது 1 லட்சம், முன்னவர் அதற்கு மேல் 2 லட்சத்தை ஆண்டு முழுவதும் கடனாகவும் தந்திருக்கிறார், ஒப்பாவணம் (கூட்டாளிகளின் எழுத்து ஒப்பந்தம்) எழுதவில்லை. ஆண்டு முடிவில் கடன் வட்டிக்கு முந்தைய இலாபம் ரூ.4,12,000. முதல் அதிகம் போட்டவருக்கு அதிகப் பங்கு என்பதுதான் ஊர் நியாயம். 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டமோ, ஒப்பாவணம் இல்லாதபோது முதல் மீது வட்டி இல்லை, சம்பளம் இல்லை, கடனுக்கு மட்டும் 6% வட்டி, இலாபம் சமமாக என்கிறது. ஆகவே வட்டி ரூ.12,000 போக ஆளுக்கு ரூ.2,00,000. இந்த ஒரு கணக்கைப் பார்க்காமல் போட முடிந்தால் அடிப்படைப் பாடம் கைவந்துவிட்டது என்று கொள்ளலாம்.

சட்டங்களின் ஆண்டுகளைத் தனித்தாளில் எழுதி வையுங்கள்: ஒப்பந்தச் சட்டம் 1872, மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, சரக்கு விற்பனைச் சட்டம் 1930, நிறுமங்கள் சட்டம் 2013. சில சட்டங்கள் பாடநூல் அச்சான பிறகு மாறியிருக்கலாம்; நடப்பைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், தேர்வில் பாடநூலின்படி எழுதுங்கள்.

எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கானது, மீதி 10 அகமதிப்பீடு. ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டுமே 20 வருவதால், பாடத்தின் பின்பக்கத்தில் உள்ள வினாக்களைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். கணக்குகளை உரைநூலில் பார்த்துப் புரிந்துகொள்வதோடு நிறுத்தாமல், கோடு போட்ட தாளில், படிவத்தோடு, கையால் போட்டுப் பழகுங்கள்.

இருப்பாய்வு சமமாகவில்லை என்றால் முதலில் வித்தியாசத்தை 2-ஆல் வகுத்து, அந்தத் தொகை எங்காவது தப்புப் பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்: ரூ.275 பக்கம் மாறினால் வித்தியாசம் 550 வரும். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும்: 6,300-ஐ 3,600 என்று எழுதினால் வித்தியாசம் 2,700. இவ்விரண்டிலும் பிடிபடவில்லை என்றால், தேர்வறையில் அதற்கு மேல் நேரம் செலவிடாமல், குறிப்புகளையும் செய்முறைகளையும் தெளிவாக எழுதி விட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுங்கள். சரியாகச் செய்த படிகளுக்கு உரிய மதிப்பெண் வரும்.